சீன வீட்டுச் சமையல்

சீன வீட்டுச் சமையல் என்பது சீனக் குடும்பங்கள் நாள்தோறும் தமது வீடுகளில் ஆக்கி உண்ணும் எளிய உணவுகளையும், அவற்றை ஆக்கும் முறைகளையும் குறிக்கும். சீன மொழியில் இவ்வுணவுகள் ஜியாசாங் சாய் எனப்படுகின்றன. சோறு அல்லது கோதுமை உணவு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, அதனுடன் இரண்டு அல்லது மூன்று கறிகளையும் ஒரு சாற்றையும் சேர்த்து உண்பது இதன் பொதுவான அமைப்பாகும். அரண்மனைச் சமையல், விருந்துச் சமையல், உணவகச் சமையல் ஆகியவற்றில் இருந்து இது வேறானது. குறைந்த இறைச்சி, மிகுந்த காய்கறி, குறைந்த எரிபொருள், குறுகிய சமையல் நேரம் என்பன இதன் முதன்மை இயல்புகளாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள உணவகங்களில் சீன உணவு என்ற பெயரில் வழங்கப்படும் பல உணவுகள் அந்தந்த நாடுகளில் உருவானவை. சீன வீடுகளில் அன்றாடம் உண்ணப்படும் உணவு அவற்றைவிட எளிமையானது. எண்ணெயும் காரமும் பொதுவாகக் குறைந்தது.

பெயர்

ஜியா என்ற சீனச் சொல் வீடு அல்லது குடும்பம் என்று பொருள்படும். சாங் என்பது வழக்கமான, அன்றாடமான என்ற பொருளைத் தருவது. சாய் என்பதற்குக் காய்கறி, கறி என இரு பொருள்கள் உள்ளன. எனவே ஜியாசாங் சாய் என்பதை "வீட்டில் வழக்கமாக ஆக்கும் கறிகள்" எனத் தமிழில் கூறலாம். சீன உணவகங்களின் உணவுப் பட்டியல்களிலும் இச்சொல் காணப்படுகின்றது. அங்கு அது, ஆரவாரம் அற்ற, வீட்டுச் சுவையுடைய உணவு என்பதைக் குறிக்கும்.

உணவின் அமைப்பு

சீன உணவு வேளை ஒன்று ஃபான், சாய் என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. ஃபான் என்பது சோறு, கஞ்சி, நூடுல்ஸ், ஆவியில் வேகவைத்த கோதுமை ரொட்டி போன்ற தானிய உணவாகும். சாய் என்பது அதனுடன் சேர்த்து உண்ணப்படும் காய்கறி, டோஃபு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றால் ஆன கறிகளாகும். தொல்லியலாளர் குவாங்-சி சாங் 1977 ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட, சீனப் பண்பாட்டில் உணவு பற்றிய நூலில் இப்பாகுபாட்டை விரிவாக விளக்கியுள்ளார்.

இவ்விரண்டில் ஃபான் முதன்மையானது. கறி இன்றி உணவு இருக்கலாம். ஃபான் இன்றி அது முழுமையான உணவாகக் கருதப்படுவதில்லை. ஃபான் என்ற சொல்லே "உணவு வேளை" என்ற பொருளையும் தருகின்றது. ஒருவரைக் காணும்போது "சாப்பிட்டாயிற்றா?" என நலம் விசாரிக்கும் சீன வழக்கிலும் இச்சொல்லே பயன்படுகின்றது. தமிழில் சோறு, கறி என்று பிரித்துக் கூறுவதையும், சாப்பாட்டைக் கேட்டு நலம் விசாரிப்பதையும் இதனுடன் ஒப்பிடலாம்.

விருந்துகளில் இவ்வரிசை தலைகீழாக மாறுகின்றது. விருந்தில் கறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்பட்டு, சோறு இறுதியில் சிறிதளவே வருகின்றது. வீட்டில் சோறே வயிற்றை நிரப்புகின்றது. கறி அதனை உண்ணத் துணைசெய்கின்றது. உப்பும் சுவையும் தூக்கலான கறிகளை "சோற்றை இறக்குவது" எனப் பாராட்டும் வழக்கு இதிலிருந்தே தோன்றியது.

நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றின் இரவு உணவில் ஒரு கீரை, ஒரு முட்டை அல்லது டோஃபுக் கறி, சிறிது இறைச்சி சேர்ந்த ஒரு காய்கறி வறுவல், ஒரு சாறு ஆகியவை இருக்கலாம். ஒரே மூலப்பொருளும் ஒரே சமையல் முறையும் இருமுறை வராதவாறு கறிகளைத் தெரிவு செய்வது வழக்கம். ஒன்று வறுக்கப்பட்டால் மற்றொன்று ஆவியில் வேகும்; ஒன்று காரமானால் மற்றொன்று காரமற்றதாக இருக்கும்.

வரலாறு

ஆவியில் வேகவைத்தலும் நீரில் வேகவைத்தலும் சீனாவின் மிகப் பழைய சமையல் முறைகளாகும். புதிய கற்காலத்தைச் சேர்ந்த, அடியில் துளைகள் இடப்பட்ட மட்பாண்ட ஆவிப் பானைகள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. கி.பி. 6 ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே எழுதிய சிமின் யாவோஷு என்ற வேளாண்மை நூல், சோயாவை நொதிக்க வைக்கும் முறைகளையும் பல வீட்டு உணவுகளையும் விவரிக்கின்றது. முட்டையை உடைத்துக் கலக்கி, வெங்காயத்தாளின் வெண்பகுதி, உப்பு, நொதித்த சோயா ஆகியவற்றைச் சேர்த்து, எள் எண்ணெயில் வறுக்கும் முறையும் அந்நூலில் உள்ளது. கிளறி வறுத்தலுக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

மெல்லிய இரும்புச் சட்டிகளும் எண்ணெய் பிழியும் தொழிலும் பெருகிய சொங் அரசமரபுக் காலத்துக்குப் (960–1279) பின்னரே கிளறி வறுத்தல் பொதுமக்களிடையே பரவியது. விறகுத் தட்டுப்பாடு இம்முறை பரவியதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகின்றது. பொருள்களைச் சிறிதாக நறுக்கினால் அவை சில நிமிடங்களில் வெந்துவிடும், விறகும் மிஞ்சும். வீடொன்றுக்கு அன்றாடம் தேவையான பொருள்கள் விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, சோயாக் கூழ், காடி, தேயிலை ஆகிய ஏழு எனக் கூறும் பழமொழியும் சொங் காலம் முதல் வழங்கி வருகின்றது. அவ்வரிசையில் விறகே முதலிடம் பெறுகின்றது.

அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்த பயிர்கள் வீட்டுச் சமையலைப் பெரிதும் மாற்றின. மிளகாய் பற்றிய சீனக் குறிப்பு 1591 ஆம் ஆண்டிலேயே முதலில் காணப்படுகின்றது. மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உருளைக்கிழங்கு ஆகியன நெல்லும் கோதுமையும் விளையாத மலைப்பகுதிகளில் ஏழைகளின் உணவாயின. தக்காளி 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "அயல்நாட்டுச் சீமைப்பனிச்சை" என்ற பெயரில் நூல்களில் இடம்பெற்றாலும், நெடுங்காலம் அழகுச் செடியாகவே வளர்க்கப்பட்டது. அது பரவலாக உண்ணப்பட்டது 20 ஆம் நூற்றாண்டிலேயே ஆகும்.

கவிஞர் யுவான் மெய் 1792 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுயியுவான் ஷிதான் என்ற சமையல் நூல், எளிய சமையலின் பெருமையைக் கூறுவதாகவும் அமைந்துள்ளது. விலை உயர்ந்த பொருளின் பெயருக்காக உண்பதைக் காதால் உண்பது என்றும், மேசை நிறையப் பரப்பி வைப்பதைக் கண்ணால் உண்பது என்றும் அவர் கண்டித்தார். நன்கு ஆக்கிய டோஃபு, பறவைக்கூட்டுச் சாற்றைவிடச் சிறந்தது என்பது அவரது கருத்து.

பஞ்சமும் பங்கீடும்

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீட்டுச் சமையல் பெரும் நெருக்கடிக்கு உள்ளானது. மக்கள் சீனக் குடியரசு 1953 இல் தானியக் கொள்முதலையும் விற்பனையையும் அரசின் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தது. 1955 இல் தானியப் பங்கீட்டுச் சீட்டுகள் நடைமுறைக்கு வந்தன. பின்னர் எண்ணெய், இறைச்சி போன்றவையும் சீட்டுக்கே கிடைத்தன.

1958 இல் தொடங்கிய முன்னோக்கிய பெரும் பாய்ச்சல் திட்டத்தின்போது, ஊர்ப்புறங்களில் பொதுச் சாப்பாட்டுக் கூடங்கள் அமைக்கப்பட்டன. பல வீடுகளில் தனியாகச் சமைப்பது நிறுத்தப்பட்டது. இரும்பு உற்பத்திக்காகச் சமையல் சட்டிகள் கூட எடுத்துச் செல்லப்பட்டு உருக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து 1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தில் கோடிக்கணக்கான மக்கள் இறந்தனர். 1961 இல் பொதுக் கூடங்கள் கைவிடப்பட்டு, சமையல் மீண்டும் வீடுகளுக்குத் திரும்பியது.

பங்கீட்டுக் காலத்தில் வடசீன வீடுகளின் குளிர்காலக் காய்கறி பெரும்பாலும் சீன முட்டைக்கோசே ஆகும். பெய்ஜிங் குடும்பங்கள் இலையுதிர்கால இறுதியில் அதனை மொத்தமாக வாங்கி, முற்றங்களிலும் மாடங்களிலும் அடுக்கி வைத்து, குளிர்காலம் முழுவதும் உண்டனர். 1988 இல் தொடங்கிய "காய்கறிக் கூடைத் திட்டம்" நகரங்களுக்கான காய்கறி, இறைச்சி, முட்டை வழங்கலை விரிவாக்கியது. தானியப் பங்கீட்டுச் சீட்டு முறை 1993 அளவில் முடிவுக்கு வந்தது. மீதமான சோற்றை வீணாக்காமை, சிறிதளவு இறைச்சியைக் கொண்டு பல பேருக்குக் கறி ஆக்குதல் போன்ற பழக்கங்கள் முதிய தலைமுறையினரிடம் வலுவாக இருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகும்.

கருவிகள்

சீன வீட்டுச் சமையலறைக்குத் தேவையான கருவிகள் மிகச் சிலவே.

சட்டி: உருண்ட அடியுடைய இரும்புச் சட்டியே முதன்மைக் கருவியாகும். வறுத்தல், பொரித்தல், அவித்தல், ஆவியில் வேகவைத்தல் ஆகிய அனைத்துக்கும் இதுவே பயன்படுகின்றது. புதிய இரும்புச் சட்டியைச் சூடாக்கி, மீண்டும் மீண்டும் எண்ணெய் பூசிப் பழக்கினால், அதன் மேல் உணவு ஒட்டாத கரும்படலம் உருவாகும். தமிழிலும் மலையாளத்திலும் இரும்பு வாணலிக்கு வழங்கும் சீனச்சட்டி என்ற பெயர், சீனாவுடன் இருந்த பழைய வணிகத் தொடர்பைக் காட்டுவதாகக் கருதப்படுகின்றது.

வெட்டுக்கத்தி: செவ்வக வடிவிலான அகன்ற கத்தி. நறுக்குதல், பூண்டு நசுக்குதல், நறுக்கியதை அள்ளுதல் ஆகிய பணிகளை இதுவே செய்கின்றது. உணவு மேசையில் கத்தி வைக்கப்படுவதில்லை. குச்சிகளால் எடுத்து உண்ணத்தக்க அளவில் எல்லாம் சமையலறையிலேயே நறுக்கப்படுகின்றன.

ஆவித்தட்டு: மூங்கிலால் அல்லது உலோகத்தால் ஆனது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே அடுப்பில் பல உணவுகளை வேகவைக்கலாம்.

சோறு சமைக்கும் மின்கலம்: தோசிபா நிறுவனம் 1955 இல் யப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி மின்கலமும் அதன் வழிவந்தவையும் பின்னர் சீன வீடுகளிலும் பரவின. அடுப்பு கறிகளுக்கு மட்டும் என ஆனதால் சமையல் நேரம் குறைந்தது.

சுவைப்பொருட்கள்

இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய மூன்றும் பெரும்பாலான கறிகளின் அடிப்படை மணப்பொருட்களாகும். சூடான எண்ணெயில் இவற்றை முதலில் இட்டு மணம் எழச் செய்வர்.

சோயாச் சாறு: சோயா அவரையும் கோதுமையும் பூஞ்சணத்தால் நொதிக்க வைக்கப்பட்டு, உப்புநீரில் ஊறவைத்துப் பெறப்படுவது. இளஞ்சாறு உப்புச் சுவைக்கும், கருஞ்சாறு நிறத்துக்கும் பயன்படுகின்றது.

காடி: வடக்கே ஷான்சி மாகாணத்தின் சோளக் காடியும், கிழக்கே ஜென்ஜியாங் நகரின் ஒட்டரிசிக் காடியும் புகழ்பெற்றவை.

அரிசி மது: மீன், இறைச்சி ஆகியவற்றின் கவுச்சியைப் போக்கச் சிறிதளவு சேர்க்கப்படுகின்றது.

வறுத்த எள் எண்ணெய்: எள்ளை வறுத்த பின் பிழியப்படுவதால் நல்லெண்ணெயைவிடக் கருமையாகவும் மணம் மிகுந்தும் இருக்கும். இது வறுக்கப் பயன்படுவதில்லை. இறக்கிய பின் சில துளிகள் மட்டும் சேர்க்கப்படும்.

மாப்பொருள்: சோளமாவு அல்லது உருளைக்கிழங்கு மாவு. இறைச்சியின் மேல் பூசினால் அது கடினமாகாமல் காக்கும். நீரில் கரைத்து இறுதியில் ஊற்றினால் சாறு கெட்டியாகிக் காய்கறியில் ஒட்டும்.

இவை தவிர, நொதித்த கருஞ்சோயா, சிச்சுவான் மாகாணத்தின் மிளகாய்-அவரைக் கூழ், சிச்சுவான் மிளகு போன்றவை வட்டாரத்துக்கு ஏற்பப் பயன்படுகின்றன.

சமையல் முறைகள்

கிளறி வறுத்தல் (சாவ்): நன்கு சூடேறிய சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, நறுக்கிய பொருள்களை விரைந்து கிளறி வேகவைத்தல். அடுப்பை மூட்டும் முன்னரே எல்லாவற்றையும் நறுக்கி, அளந்து, அருகில் வைத்துக்கொள்வது இன்றியமையாதது. சட்டியில் ஒரே நேரத்தில் அதிகம் இட்டால் வெப்பம் குறைந்து, காய்கறி நீர் விட்டு, வறுபடாமல் அவியும். உணவக அடுப்புகளின் வெப்பம் வீட்டு அடுப்புகளுக்கு இல்லை. ஆகவே வீட்டில் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து வறுத்து, இறுதியில் ஒன்று சேர்ப்பர்.

ஆவியில் வேகவைத்தல் (செங்): மீன், முட்டை, அரைத்த இறைச்சி, ரொட்டி ஆகியவற்றுக்கு உரியது.

செந்நிறக் கொதிக்கல் (ஹோங்ஷாவ்): சோயாச் சாறு, சீனி, மது ஆகியவற்றுடன் மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்தல். ஓய்வு நாள்களிலும் உறவினர் வரும்போதும் இவ்வாறு சமைப்பர்.

குளிர்க் கலவை (லியாங்பான்): பச்சையான அல்லது சற்று வெந்த காய்கறிகளைக் காடி, சோயாச் சாறு, பூண்டு ஆகியவற்றுடன் கலத்தல். கத்தியின் பக்கத்தால் நசுக்கிய வெள்ளரிக்காயைக் கொண்டு செய்வது மிகப் பரவலானது.

அன்றாடக் கறிகள்

தக்காளி முட்டை வறுவல்

சீனாவில் பலரும் முதலில் கற்றுக்கொள்ளும் கறி இதுவாகும். 3 முட்டைக்கு ஏறத்தாழ 300 கிராம் தக்காளி போதுமானது. முட்டையைச் சிறிது உப்புடன் கலக்கி, சூடான எண்ணெயில் ஊற்றி, பாதி வெந்ததும் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதே சட்டியில் தக்காளித் துண்டுகளை இட்டுச் சாறு வெளியேறும் வரை வதக்கி, உப்பும் சிறிது சீனியும் சேர்த்து, முட்டையை மீண்டும் இட்டுக் கிளறி, வெங்காயத்தாள் தூவி இறக்குவர். முட்டையை இரண்டு முறையாக வேகவைப்பதால் அது மென்மையாக இருந்து தக்காளிச் சாற்றை உறிஞ்சுகின்றது. சீனி சேர்க்க வேண்டுமா, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பன பற்றி வட்டாரத்துக்கு வட்டாரம், வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு உண்டு.

உருளைக்கிழங்கு இழை வறுவல்

உருளைக்கிழங்கை மெல்லிய இழைகளாக அரிந்து, நீரில் அலசி மாப்பொருளை நீக்க வேண்டும். காய்ந்த மிளகாயும் சிச்சுவான் மிளகும் தாளித்த எண்ணெயில், கடுந்தீயில் 2 அல்லது 3 நிமிடம் மட்டும் வறுத்து, காடி ஊற்றி இறக்குவர். கிழங்கு குழையாமல், மெல்லும்போது நறுக்கென்று இருக்க வேண்டும். மாப்பொருளை நீக்குவதும், காடி சேர்ப்பதும் இதற்குத் துணைசெய்கின்றன.

ஆவி முட்டை

2 முட்டையின் கன அளவைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வெதுவெதுப்பான நீரை உப்புடன் கலந்து, வடிகட்டி, நுரையை நீக்கி, கிண்ணத்தை மூடி, மெல்லிய ஆவியில் ஏறத்தாழ 10 நிமிடம் வேகவைக்க வேண்டும். தீ மிகுந்தால் தேன்கூடு போல் துளைகள் விழும். மேலே சோயாச் சாறும் எள் எண்ணெயும் சில துளிகள் விடுவர். மென்மையாக இருப்பதால் குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்கு இது தரப்படுகின்றது.

பூண்டுக் கீரை

நசுக்கிய பூண்டை எண்ணெயில் இட்டு, நீர் வடித்த கீரையை ஒன்று அல்லது இரண்டு நிமிடம் கடுந்தீயில் வறுத்து உப்பிடுவது. சீனக் கீரைகள் பலவற்றுடன், இலங்கையில் கங்குன் என வழங்கும் வள்ளைக் கீரையும் இவ்வாறு சமைக்கப்படுகின்றது.

டோஃபுக் கறிகள்

"வீட்டு முறை டோஃபு" என்னும் கறியில், டோஃபுத் துண்டுகள் இருபுறமும் பொன்னிறமாகப் பொரிக்கப்பட்டு, மிளகாய்-அவரைக் கூழுடனும் காய்கறியுடனும் சேர்த்துச் சமைக்கப்படுகின்றன. மாப்போ டோஃபு என்பது 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்டு நகரில் சிற்றுண்டிச் சாலை நடத்திய சென் குடும்பத்துப் பெண் ஒருவரால் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. அரைத்த இறைச்சி சிறிதளவே சேர்வதால், மலிவாகச் சோற்றுடன் உண்ணத்தக்க கறியாக அது வீடுகளில் நிலைபெற்றது.

இறைச்சி இழை வறுவல்

150 கிராம் அளவான இறைச்சியை இழைகளாக அரிந்து, சோயாச் சாறு, மது, மாப்பொருள் ஆகியவற்றில் பிசறி, குடைமிளகாயுடனோ வேறு காயுடனோ வறுத்தால் நான்கு பேருக்குப் போதுமானது. இறைச்சி தனிக்கறி ஆகாமல், காய்கறிக்குச் சுவையூட்டுவதாக அமைகின்றது.

சாறுகள்

நீற்றுப்பூசணிக்காய், முள்ளங்கி, தக்காளி, கடற்பாசி, முட்டை ஆகியவற்றால் ஆன தெளிந்த சாறுகள் பரவலானவை. தமிழர் சமையலில் உள்ள நீற்றுப்பூசணி, பீர்க்கு, பாகல் ஆகிய மூன்றும் தென்சீன வீடுகளிலும் அன்றாடக் காய்களாகும். பல வீடுகளில் உணவு வேளையில் தனியாக நீர் அருந்தாமல் சாற்றையே பருகுவர்.

முட்டைச் சோறு வறுவல்

முதல் நாள் மீந்த சோற்றை முட்டை, வெங்காயத்தாள் ஆகியவற்றுடன் வறுப்பது. வீட்டில் இது மீதத்தைப் பயன்படுத்தும் வழியாகவே கருதப்படுகின்றது. குளிர்ந்த சோற்றின் பருக்கைகள் உலர்ந்து தனித்தனியாக இருப்பதால் வறுப்பதற்கு ஏற்றவை.

வட்டார வேறுபாடுகள்

சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கோடு, சீனாவை உணவு முறையில் இரண்டாகப் பிரிக்கின்றது. அதற்கு வடக்கே கோதுமை உணவும், தெற்கே சோறும் முதன்மையானவை. வடக்கே சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் குடும்பத்தினர் கூடியிருந்து, ஜியாவ்சி என்னும் கொழுக்கட்டை போன்ற பண்டத்தைச் செய்கின்றனர். மாவு பிசைதல், தேய்த்தல், பூரணம் வைத்து மூடுதல் என வேலையைப் பகிர்ந்துகொள்வர்.

சிச்சுவான், ஹுனான் மாகாணங்களில் மிளகாயும், குவாங்டொங்கில் காரமற்ற ஆவி உணவுகளும் நெடுநேரம் காய்ச்சிய சாறுகளும், ஷாங்காய்ப் பகுதியில் சோயாச் சாறும் சீனியும் சேர்ந்த இனிப்புச் சுவையும், வடகிழக்கில் ஒரே பாத்திரத்தில் வேகும் கூட்டுகளும் சிறப்புப் பெறுகின்றன.

உண்ணும் முறை

ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிண்ணத்தில் சோறு தரப்படும். கறிகள் மேசையின் நடுவே பொதுவாக வைக்கப்பட்டு, எல்லாரும் குச்சிகளால் எடுத்துக்கொள்வர். மூத்தோர் உண்ணத் தொடங்கிய பின்னரே இளையோர் தொடங்குவது மரபு. நல்ல துண்டொன்றை எடுத்து மற்றவரின் கிண்ணத்தில் வைப்பது அன்பின் அடையாளமாகும். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது, இறந்தோருக்கு ஊதுவத்தி ஏற்றுவதை ஒத்திருப்பதால் தவிர்க்கப்படுகின்றது. நோய்த்தொற்றைத் தடுக்கப் பொதுக் குச்சிகளைப் பயன்படுத்தும்படி 2020 இல் கோவிட்-19 பரவலின்போது பல நகரங்களில் வலியுறுத்தப்பட்டது.

உடல்நலம்

காய்கறியும் டோஃபுவும் மிகுந்திருப்பது இச்சமையலின் நன்மையாகும். எனினும் கவனிக்க வேண்டிய கூறுகளும் உள்ளன.

உப்பு: ஒரு மேசைக்கரண்டி சோயாச் சாற்றில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உலக சுகாதார அமைப்பு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கும் மேல் எல்லை 2,000 மில்லிகிராம் (5 கிராம் உப்பு) ஆகும். எனவே சோயாச் சாறு சேர்க்கும் கறிகளில் உப்பைக் குறைப்பது தேவையாகின்றது.

எண்ணெய்ப் புகை: கடுந்தீயில் வறுக்கும்போது எழும் புகையை, மாந்தரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. இது பற்றிய அதன் அறிக்கை 2010 இல் வெளியானது. புகைபிடிக்காத சீனப் பெண்களிடையே காணப்பட்ட நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. புகைபோக்கி பொருத்துவதும், எண்ணெய் புகையும் அளவுக்குச் சூடேறாமல் பார்த்துக்கொள்வதும் இதனைக் குறைக்கும்.

மீந்த சோறு: சமைத்த சோற்றை அறை வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால், பாசிலசு சீரியசு என்ற பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். இந்நஞ்சு மீண்டும் வறுப்பதால் அழிவதில்லை. 1970களில் பிரித்தானியாவில் வறுத்த சோற்றால் ஏற்பட்ட நச்சு நிகழ்வுகளின் பின்னர் இது நன்கு அறியப்பட்டது. மீந்த சோற்றை விரைவில் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

மோனோசோடியம் குளுட்டமேட்: தமிழ்நாட்டில் அஜினோமோட்டோ என்ற வணிகப் பெயரால் அறியப்படுவது. யப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908 இல் இதன் சுவையைக் கண்டறிந்தார். 1923 இல் வூ யுன்சு ஷாங்காயில் இதற்கான ஆலையை நிறுவினார். 1968 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கடிதத்தைத் தொடர்ந்து இது தீங்கானது என்ற கருத்து பரவியது. பின்னர் நடந்த ஆய்வுகள், வழக்கமான அளவில் உண்பதால் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை எனக் காட்டின. எனினும் இதிலும் சோடியம் உள்ளது.

சீனாவுக்கு வெளியே

சீன வீட்டுச் சமையலை ஆங்கில வாசகருக்கு முறையாக விளக்கியவர்களுள் புவெய் யாங் சாவ் (1889–1981) குறிப்பிடத்தக்கவர். மருத்துவரான இவர், மொழியியலாளர் யுவான் ரென் சாவின் மனைவியாவார். 1945 இல் வெளியான இவரது சமையல் நூலின் வழியாகவே கிளறி வறுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வழக்கிற்கு வந்தது. சாவ் என்ற ஒற்றைச் சீனச் சொல்லுக்கு ஈடான சொல் ஆங்கிலத்தில் அப்போது இருக்கவில்லை.

தாய்வானில் ஃபூ பெய்மெய் (1931–2004) 1962 இல் தொலைக்காட்சியில் சமையல் கற்பிக்கத் தொடங்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்தார். திருமணத்துக்குப் பின் சமைக்கத் தெரியாத நிலையில், உணவகச் சமையற்காரர்களுக்குப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவர் இவர். 1949 இல் பெருநிலச் சீனாவில் இருந்து தாய்வானுக்கு இடம்பெயர்ந்து, தாயிடமோ மாமியாரிடமோ கேட்டறிய முடியாத பல பெண்களுக்கு இவரது நிகழ்ச்சியும் நூல்களும் துணையாயின. அமெரிக்காவில் ஜாய்ஸ் சென் (1917–1994) 1960களில் நூல் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் சீனச் சமையலைக் கற்பித்தார். மேலைநாட்டு அடுப்புகளுக்கு ஏற்ற தட்டையான அடியுடைய சட்டியையும் பரப்பினார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், சோற்றுடன் விரும்பிய இரண்டு மூன்று கறிகளைத் தெரிந்து வாங்கும் கடைகள் வீட்டு உணவின் அமைப்பையே பின்பற்றுகின்றன. இந்தியாவில் கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா முதலிய சீன மக்களின் சமையல், இந்தியச் சுவைகளுடன் கலந்து இந்திய-சீன உணவாக வளர்ந்தது. மஞ்சூரியன் என்னும் உணவு, கொல்கத்தாவில் பிறந்த சமையற்கலைஞர் நெல்சன் வாங் 1975 இல் மும்பையில் உருவாக்கியதாகும். சீனாவின் மஞ்சூரியப் பகுதியில் அவ்வுணவு இல்லை.

தற்கால மாற்றங்கள்

வீட்டுச் சமையல் பெரும்பாலும் எழுதி வைக்கப்படாமல், பார்த்தும் செய்தும் கற்கப்பட்டது. "சிறிதளவு", "பதமாக" போன்ற அளவுகளே அதில் வழங்கின. வேலைக்காகவும் கல்விக்காகவும் இளைஞர் குடும்பத்தைப் பிரிந்து வாழ்வதும், கைப்பேசி வழியே உணவு தருவிப்பதும் பெருகியபோது இத்தொடர்ச்சி தளர்ந்தது. வெளிநாட்டில் படிக்கும் மாணவன் ஒருவனுக்குத் தக்காளி முட்டை வறுவலைச் செய்து காட்ட, சீனாவில் பெற்றோர் நள்ளிரவில் எழுந்து சமைப்பதாக 2017 இல் ஒரு வங்கி வெளியிட்ட விளம்பரம் சீனாவில் பரவலாகப் பேசப்பட்டது.

சீனக் கல்வி அமைச்சு 2022 இல் வெளியிட்ட உழைப்புக் கல்விப் பாடத்திட்டத்தில் சமையலும் சேர்க்கப்பட்டது. அதன்படி, கீழ் வகுப்பு மாணவர் காய்கறி கழுவவும், 5, 6 ஆம் வகுப்பு மாணவர் தக்காளி முட்டை வறுவல் போன்ற இரண்டு அல்லது மூன்று வீட்டுக் கறிகளை ஆக்கவும், 7 முதல் 9 ஆம் வகுப்பு வரையிலான மாணவர் குடும்பத்துக்கான ஒரு வேளை உணவைத் தாமே சமைக்கவும் கற்க வேண்டும். 2023 இல், ஆலைகளில் முன்கூட்டியே ஆக்கிப் பொதியிட்ட உணவுகளைப் பள்ளிகளில் வழங்குவதற்குப் பெற்றோர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில், அவ்வுணவுகளைப் பள்ளிகளில் பரப்புவது உகந்ததன்று என அமைச்சு அறிவித்தது.

இவற்றையும் பார்க்க

சீனச் சமையல்
டோஃபு
சோயா அவரை
இந்திய-சீன உணவு
சீனப் புத்தாண்டு